நேரசூசியில் இல்லாத நித்திரை

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒன்றின் வேலியோடு மற்றொன்றின் வேலி முட்டிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களிலும் அவற்றின் இடையே அமைந்த தமிழ் ஊர்களிலும், இரவு முழுவதும் நித்திரைக்கென்றே ஒதுக்கப்பட்ட பொழுதாக ஒருகாலமும் இருந்ததில்லை. கடலுக்குப் போன தோணிகள் இருட்டிலேயே வலை விரிக்கின்றன. கதிர் முற்றிய வயலில் யானைக்குக் காவல் இருப்பவர் பரணில் விழித்திருக்கிறார். சுபஹுத் தொழுகைக்கான பாங்கு கிழக்கு வெளுக்குமுன்னரே ஒலிக்கிறது. நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்காக ஊரின் அடுப்புகள் சாமத்திலேயே எரியத் தொடங்குகின்றன. இப்படி உடைபட்ட இரவுகளுக்கு அந்தந்த வாழ்க்கைமுறையே ஓர் ஈட்டையும் வைத்திருந்தது. கடலிலிருந்து திரும்பியவர் பகலில் உறங்குவதை எவரும் சோம்பல் என்று சொல்வதில்லை. நண்பகலை ஒட்டிய சிறு உறக்கத்துக்கு ‘கைலூலா’ என்ற பெயரும், நபிவழி என்ற மதிப்பும் முஸ்லிம் குடும்பங்களில் உண்டு. தாதியப் பயிற்சியில் சேர்ந்த இளம்பெண்ணின் இரவும் அவ்வாறே உடைபடுகிறது. ஆனால் அதற்கான ஈடு அவளுடைய நேரசூசியில் எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

கல்முனை நகரில் மட்டும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு பெரிய அரச மருத்துவமனைகள் இயங்குகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு ஆகிய இரு நகரங்களிலும் தாதியர் பயிற்சிக்கான அரச நிறுவனங்கள் உள்ளன. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம் தாதியப் பட்டப்படிப்பையும் நடத்துகிறது. கரையோர ஊர்களிலிருந்து இப்படிப்புகளுக்குச் செல்லும் பெண்களில் பலர் 2004 டிசம்பர் 26ஆம் தேதி இக்கரையைச் சுனாமி தாக்கிய காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். அன்று இலங்கையின் மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது அம்பாறைதான். இறந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. வைத்தியசாலையும் வெள்ளைச் சீருடையும் இவ்வூர்களில் பெறும் மதிப்புக்கு அந்த நாட்களின் நினைவும் ஒரு காரணம் என்று கொள்வது பிழையாகாது.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் தாதியரின் வேலைநாள் பொதுவாக மூன்று முறைகளாகப் பிரிக்கப்படுகிறது: காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, 1 மணி முதல் மாலை 7 மணி வரை, மாலை 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை. வாட்டு வழக்கில் இவை மோர்னிங், ஈவினிங், நைட். பகலின் இரு முறைகளும் ஆறு ஆறு மணி நேரமாக இருக்க, ‘நைட்’ மட்டும் பன்னிரண்டு மணி நேரமாக நீள்கிறது. அதாவது உடல் மிகக் குறைவாக ஒத்துழைக்கும் பொழுதுக்கே மிக நீண்ட வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. உடல் ஏன் அப்போது ஒத்துழைப்பதில்லை என்பதை விளங்கிக்கொள்ள, நித்திரையை ஆளும் இரண்டு பொறிமுறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த விளக்கம் இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. அதன்படி நித்திரை இரண்டு தனித்தனி விசைகளின் கூட்டு விளைவு. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் நித்திரைக் கடன். மூளை உழைக்கையில் அதன் எரிபொருள் மூலக்கூறு சிதைந்து வெளிப்படும் அடினோசின் என்ற பொருள் நரம்பணுக்களைச் சுற்றிச் சேர்ந்துகொண்டே வருவதும், நித்திரையின்போது அது குறைந்துவிடுவதும் இக்கடனின் வேதியியல் அடையாளங்களுள் முக்கியமானவை. தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் சென்று அமர வேண்டிய இடங்களில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. கடன் அப்படியே இருக்க, கடன்காரன் கதவைத் தட்டும் ஓசை மட்டும் கேட்காமல் போகிறது. குடித்த கஃபீனில் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆவதால், அதிகாலை நான்கு மணிக்குக் கண்ணைத் திறந்து வைப்பதற்காகக் குடித்த வெறுந்தேத்தண்ணி, காலை ஒன்பது மணிக்கு விடுதிக் கட்டிலில் கண்ணை மூடவிடாமலும் நிற்கிறது.

இரண்டாவது விசை உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்களாலான சிறு கொத்து ஒன்று உள்ளது. சில மரபணுக்கள் புரதங்களை உருவாக்குவதும், அப்புரதங்களே திரும்பி வந்து அதே மரபணுக்களை அடக்குவதுமாக ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுழலும் இயக்கமே இக்கடிகாரத்தின் பல்சக்கரம். இதை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரம் உடல் வெப்பத்தையும், இரவை அறிவிக்கும் மெலடோனின் சுரப்பையும், விழிப்பின் கூர்மையையும் ஒரே தாளத்தில் ஏற்றி இறக்குகிறது. பகலில் வாழ்பவரின் உடல் வெப்பம் அதிகாலை நான்கு, ஐந்து மணியளவில் தன் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொடுகிறது. கவனமும் அப்போதுதான் மிகத் தாழ்ந்திருக்கிறது. வாட்டிலோ அதே பொழுதில்தான் நோயாளரின் வெப்பமும் நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் அளக்கப்பட்டு, காலை மருந்துகள் ஒழுங்குசெய்யப்பட்டு, நோயாளர் பதிவேடான ரிக்கெட்டில் பதிவுகள் எழுதப்படுகின்றன. பிறர் உடலின் வெப்பத்தை அளந்து குறிக்கும் மாணவியின் சொந்த உடல், அந்த நேரத்தில் தன்னைப் படுக்கச் சொல்லித் தாழ்ந்துகொண்டிருக்கிறது.

கடனும் கடிகாரமும் சேர்ந்து இழுக்கும்போது நித்திரை தானாக வருகிறது. எதிரெதிராக இழுக்கும்போது, உடம்பு அலுத்துப்போய்க் கிடக்கும், ஆனால் கண் மூடாது. நைட் முடித்து வருபவரின் நிலை இதுவே. கிழக்குக் கரையில் இது இன்னும் கூர்மையாகிறது. சூரியன் கடலுக்கு நேர் மேலே எழுகிறது; மறைக்க மலையுமில்லை, பெருமரக் காடுமில்லை. வாட்டின் விளக்கு வெளிச்சம், ஒளிச்செறிவை அளக்கும் லக்ஸ் என்ற அலகில், சில நூறைத் தாண்டுவதில்லை. காலை வெயில் விரைவிலேயே பத்தாயிரம் லக்ஸைக் கடந்துவிடும். கண்ணின் விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை உடற்கடிகாரத்துக்குத் தெரிவிப்பதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. ஏழு மணிக்கு வாட்டை விட்டு இறங்கி, கிழக்கு முகமாக வெயிலைப் பார்த்தபடி பஸ்ஸுக்கு நிற்கும் கால் மணி நேரத்தில் அவை மூளைக்குச் சொல்லிவிடுகின்றன: பகல் தொடங்கிவிட்டது. அதன்பின் விடுதிக்குப் போய் யன்னலைச் சாத்திப் படுத்தாலும், நித்திரைக்கு உடல் வெப்பம் தணிய வேண்டியிருக்கையில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரையின் சூடு அதற்கு இடங்கொடுப்பதில்லை. இரவு வேலைக்குப் பின் கிடைக்கும் பகல் நித்திரை, இரவில் கிடைப்பதைவிட இரண்டு முதல் நான்கு மணி நேரம் குறைவாக இருக்கும் என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட ஒன்று.

இக்குறைவு வேலையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை அளந்தவர்களுள் அவுஸ்திரேலியாவின் ட்ரூ டோசன், கத்தரின் ரீட் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1997இல் வெளியான அவர்களது ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குவதும், 24 மணி நேரம் விழித்திருப்பவர் ஏறத்தாழ 0.10 வீத நிலைக்கு இறங்குவதும் தெரியவந்தது. மதுவைத் தொடாத ஊர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாத கேலியாகத் தோன்றலாம். ஆயினும் கணக்கு அவர்களுக்கும் அதுவே. காலை ஆறு மணிக்கு எழுந்து, விரிவுரைக்குப் போய், பிற்பகல் கண் அயராமல் மாலை ஏழு மணிக்கு நைட்டைத் தொடங்கும் மாணவி, மறுநாள் ஏழு மணிக்குக் கையொப்பமிட்டு வெளியேறும்போது 25 மணி நேரம் விழித்திருக்கிறாள். அதற்கு மூன்று மணி நேரம் முன்னர்தான் அவள் சேலைன் எத்தனை துளியில் ஓட வேண்டும் என்று கணக்குப் பார்த்திருப்பாள்.

ஓர் இரவின் விழிப்பாவது தன்னை வெளிப்படையாகக் காட்டிக்கொள்கிறது. நாளாந்தம் சிறுகச் சிறுகக் குறையும் நித்திரை இன்னும் வஞ்சகமானது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டொங்கனும் உடன் ஆய்வாளரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 48 நலமான மனிதர்கள் பங்கேற்றனர். திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற எளிய சோதனை அவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தரப்பட்டது. அரை வினாடிக்கு மேல் தாமதித்தால் அது ‘தவறல்’ என்று எண்ணப்படும். அந்த அரை வினாடியில் மூளை தன் இடத்தில் இல்லை என்பது பொருள். பதினான்கு நாட்களுக்கு ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாக மட்டும் உறங்க விடப்பட்டோரின் தவறல்கள், இரண்டு இரவுகள் வரை அறவே உறங்காதவரின் அளவுக்கு ஏறின. அவர்களோ முதற்சில நாட்களுக்குப் பின் தங்களுக்கு நித்திரைக் களை பெரிதாக ஏறவில்லை என்றே மதிப்பிட்டார்கள். ‘பழகிவிட்டது’ என்று விடுதிகளில் சொல்லப்படும் சொல்லின் உண்மை மதிப்பு இதுதான்: பழகியது உணர்வு, மூளை பழகவில்லை. அமெரிக்காவில் ஆன் ரோஜர்ஸ் குழுவினர் 2004இல் 393 தாதியரின் நாட்குறிப்புகளைத் தொகுத்தபோது, பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட வேலைமுறைகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது.

இதுவரை சொன்னது களைப்பு. களைப்பு வேறு, ஆங்கில வழக்கில் பேர்ன்அவுட் எனப்படுவது வேறு. தமிழில் அதற்கு இன்னும் நிலைபெற்ற சொல் இல்லை. பணிச்சோர்வு என்று எழுதுவோர் உண்டு, ஆனால் சோர்வு என்பது ஓய்ந்தால் தீரக்கூடியது. குத்துவிளக்கில் எண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய்தான். எண்ணெய் வற்றிய பின்னும் சுடர் நின்றால் அப்போது எரிவது திரி. பின்னர் எண்ணெய் ஊற்றினாலும் கருகிய திரி நன்றாகப் பற்றுவதில்லை. ஆகவே இந்நூல் அதனைப் ‘பணிக்கருகல்’ என்று குறிக்கிறது.

பேர்ன்அவுட் என்ற சொல்லை உளவியலில் முதலில் நிலைநாட்டியவர் ஹெர்பர்ட் ஃப்ரொய்டன்பெர்கர், ஆண்டு 1974. அவர் அதைக் கண்டது நியூயோர்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில், சம்பளமின்றி இரவு வெகுநேரம் வரை பணிபுரிந்த தொண்டர்களிடத்தில். அவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் இதனை அளக்கும் வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டு, மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். பிறருக்குக் கொடுக்க மனத்தில் ஒன்றும் மிஞ்சாமை முதற்கூறு. எதிரில் இருப்பவரை மனிதராக அல்லாமல் ஒரு பொருளாக, ஒரு வேலையாகக் காணத் தொடங்குவது இரண்டாவது. தான் செய்வது எதற்கும் பயனில்லை என்ற எண்ணம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், இது நோயாக அல்லாமல் தொழில்சார் நிகழ்வாக வகைப்படுத்தப்பட்டு, தொழிற்சூழலுக்கு மட்டுமே உரியது என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அப்படியாயின் மாணவிக்கு இது வராதா என்ற கேள்வி எழும். முதலில் இது காணப்பட்டதே சம்பளம் பெறாதோரிடம் என்பதை நினைவிற்கொண்டால், வரையறையின் குறுக்கம் தெரியும். தாதிய மாணவி பரீட்சை எழுதுகையில் மாணவி, மலச்சட்டி எடுக்கையில் தொழிலாளி. இரண்டின் பாரமும் அவளுக்கு உண்டு, இரண்டில் எதன் உரிமையும் முழுதாக இல்லை.

இரண்டாவது கூறு தனியே பேசத்தக்கது. இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், லண்டனின் பெரிய போதனா வைத்தியசாலை ஒன்றின் தாதியச் சேவையை ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரை, அறுபது ஆண்டுகள் கழிந்தும் நேற்று எழுதப்பட்டதைப் போலவே வாசிக்கக் கிடைக்கிறது. அங்கே தாதியரில் பெரும்பகுதியினர் மாணவியர். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினர் பயிற்சியை முடிக்காமலே விலகினார்கள். நோயாளர் பெயரால் அழைக்கப்படாமல் கட்டில் இலக்கத்தாலும் பழுதடைந்த உறுப்பாலும் குறிக்கப்பட்டார்கள். பத்தாம் கட்டிலில் இருந்தது ஒரு மனிதரல்ல, ஓர் ஈரல். மாணவியர் ஒரு வாட்டிலிருந்து மற்றொன்றுக்கு அடிக்கடி மாற்றப்பட்டதால் எந்த நோயாளியோடும் உறவு வளரவில்லை. இவையெல்லாம் கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல, சாவையும் நோவையும் நாள் முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும் பதற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வைத்தியசாலை என்ற அமைப்பே கட்டிக்கொண்ட அரண்கள் என்பது மென்சிஸின் முடிவு. அரண் பதற்றத்தைக் குறைக்கவுமில்லை. அதற்கு மேலாக, நோயாளி தேறியதைப் பார்க்கும் மகிழ்ச்சியையும் அது தடுத்துவிட்டது. கல்முனையோ கண்டியோ, ‘பதினாலாம் கட்டிலுக்குத் துண்டு வெட்டியாயிற்றா’ என்று கேட்கும் குரல் இலங்கை வாட்டுகளுக்கும் புதியதல்ல. அப்படிக் கேட்பவர் இரக்கமற்றவர் என்று முடிவுகட்டுவது தவறு. இரக்கம் செலவாகித் தீர்ந்தவர் என்பதே பெரும்பாலும் சரி.

நித்திரையும் பணிக்கருகலும் இந்த இடத்தில்தான் சந்திக்கின்றன. மூளையில் அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற வாதுமை வடிவச் சிறுபகுதி, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் கட்டுப்பாட்டில் இயங்குவது. மத்தியூ வோக்கரும் சக ஆய்வாளரும் 2007இல் காட்டியபடி, ஓர் இரவு நித்திரை இழந்தவரின் அமிக்டலா, மனத்தை உறுத்தும் படங்களைக் கண்டு, உறங்கியவரின் அமிக்டலாவைவிட 60 வீதத்துக்கு மேல் கூடுதலாகக் கிளர்ந்தது. மேலிருந்து கட்டுப்படுத்தும் இணைப்பும் தளர்ந்திருந்தது. நோவால் கத்தும் நோயாளி, பொறுமையிழந்த உறவினர், எல்லார் முன்னிலையிலும் விழும் ஏச்சு ஆகியவற்றை அத்தகைய மூளையோடு எதிர்கொள்பவள், ஒன்று உடைந்து அழுவாள், அல்லது எதையும் உணராதிருக்கக் கற்றுக்கொள்வாள். இரண்டாவதற்கு வாட்டில் ‘தேறிவிட்டாள்’ என்று பெயர். சுவீடனில் 2012இல் வெளியான ஆய்வொன்று, பின்னாளில் மருத்துவ உதவி வேண்டுமளவுக்குக் கருகியோரிடம் முன்னரே காணப்பட்ட முதன்மையான ஆபத்துக் காரணிகளுள் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த நித்திரை ஒன்று என்று கண்டது. அதே ஆண்டில், அதே நாட்டில், ஆன் ரூட்மன், பீட்டர் குஸ்தாவ்சன் இருவரும் 1,702 தாதிய மாணவரைப் படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து அவதானித்த முடிவுகளை வெளியிட்டனர்: பணிக்கருகலின் அளவு மூன்று ஆண்டுகளில் 30 வீதத்திலிருந்து 41 வீதமாக உயர்ந்தது, படிக்கும்போதே கருகியோர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான பின்னும் தொழிற்கடமைகளில் தேர்ச்சி குறைந்தும், தொழிலை விட்டு விலகும் எண்ணம் மிகுந்தும் காணப்பட்டனர். சுவீடனின் எண்களை அப்படியே அம்பாறைக்குப் பொருத்த முடியாது. பயிற்சியின் முடிவில் கூடுதலாக இருக்க வேண்டிய மனவலு, பயிற்சியாலேயே குறைந்து போகலாம் என்ற திசையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கரையோர மாணவியின் பாரத்தில் சுவீடனில் இல்லாத சில கூறுகளும் உண்டு. அவள் வீட்டில் தமிழ் பேசுகிறாள். பாடநூலும் ரிக்கெட்டும் ஆங்கிலத்தில். அம்பாறை நகரிலோ அதற்கப்பாலோ பயிற்சிக்குப் போனால் நோயாளியோடு சிங்களம் பேச வேண்டும். மனம் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறை பெயர்த்துக் கொண்டே இருக்கையில் அதற்கும் உழைப்புச் செலவாகிறது. இதை எந்த வினாக்கொத்தும் கேட்பதில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தாலும் அவள் வீட்டின் மூத்த பெண்பிள்ளை. சமையலும் தம்பி தங்கையரும் காத்திருப்பார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் பகல் நித்திரையும் கைவிட்டது. அதனைத் தொடர்ந்து தாதியர் பலர் வெளிநாடு சென்றதில், வாட்டில் எஞ்சியோரின் வேலை மேலும் கூடியது.

நோன்பு மாதத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்க வேண்டும். தராவீஹ் தொழுகையால் இரவு நீள்வதும், சஹருக்கு எழ வேண்டியிருப்பதும் நித்திரையைத் துண்டாக்குவது உண்மை. ஆனால் ரியாத் நகரின் மன்னர் சஊத் பல்கலைக்கழகத்தில் அஹ்மத் பாஹம்மாம் பல ஆண்டுகளாக நடத்திய ஆய்வுகள், நித்திரைக்கும் விழிப்புக்குமான நேரங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டால் நோன்பு தன்னளவில் பகல் களையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்று காட்டுகின்றன. குலைப்பது பட்டினி அல்ல, நேரம் மாறுவது. எனவே நோன்பு நோற்கும் மாணவிக்கு அம்மாதத்தில் எந்த முறை கொடுப்பது என்பது மதச்சலுகை பற்றிய கேள்வியாக அல்லாமல், உடலியலைச் சார்ந்த நிர்வாகக் கேள்வியாகவே பார்க்கப்பட வேண்டும்.

பரீட்சைக்காக நித்திரையை விடுவது இன்னொரு பொதுவான பிழை. 1924இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஜெங்கின்ஸும் கார்ல் டாலன்பாக்கும் இரண்டே மாணவரைக் கொண்டு செய்த சோதனையில், பொருளற்ற எழுத்துத் தொடர்களை மனனம் செய்தபின் உறங்கியபோது, விழித்திருந்தபோது நினைவில் நின்றதைவிட மிகுதியாக நின்றன. இரண்டு பேரைக் கொண்ட ஆய்வு என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அதன்பின் வந்த நூறாண்டு ஆராய்ச்சி அதே பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆழ்ந்த நித்திரையின் மெதுவான மின்னலைகளின்போது, பகலில் தற்காலிகமாகப் பதிந்தவை மூளையின் நிலையான கிடங்குக்கு நகர்த்தப்படுகின்றன. விடிய விடியப் படித்தவள் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்து, கடையைத் திறக்காமல் திரும்புகிறாள்.

நித்திரைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படுவது, பிட்ஸ்பர்க்கில் 1989இல் உருவான ஒரு வினாக்கொத்து. ஏழு கூறுகள், மொத்தம் 21 புள்ளி, ஐந்துக்கு மேற்பட்டால் நித்திரை சரியில்லை என்று கொள்ளப்படும். கடந்த ஒரு மாதத்தில் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போனீர்கள் என்பது அதன் முதற்கேள்வி. முதல் வாரம் மோர்னிங், அடுத்த வாரம் நைட் என்று மாறுபவளிடம் ‘வழக்கமாக’ என்ற சொல்லுக்கு விடையே இல்லை. இக்கருவி பொய்யானது என்பதல்ல இதன் பொருள்; அளவுகோலை உருவாக்கியவர்கள் நிலையான இரவுள்ள மனிதரையே மனத்தில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மாணவியரைப் பற்றிய ஆய்வுகளை வாசிப்போர் இதை நினைவில் வைத்தல் நல்லது.

தீர்வு என்று வரும்போது மாணவியருக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் அறிவுரையே: கைப்பேசியைத் தூர வை, இரவில் தேத்தண்ணியைக் குறை, நேரத்துக்குப் படு. இவை தவறானவை அல்ல. ஆனால் நேரத்துக்குப் படு என்பதை, அந்த நேரத்தைத் தானே தீர்மானிக்காத ஒருத்திக்குச் சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. நித்திரையின் பெரும்பகுதி நேரசூசியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. அதை வரைபவர் மேசையில்தான் மருந்தும் இருக்கிறது. உடற்கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது என்பதால், அதைப் பின்னோக்கி இழுப்பதைவிட முன்னோக்கித் தள்ளுவது எளிது. சார்ல்ஸ் சைஸ்லர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், யூட்டாவின் கனிமத் தொழிற்சாலை ஒன்றில் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும்படி முறைகளை மாற்றியமைத்து, ஒவ்வொன்றிலும் நீண்ட நாட்கள் நிற்கவிட்டபோது, தொழிலாளரின் மனநிறைவும் உற்பத்தியும் கூடின. செலவில்லாத மாற்றம் இது. வேண்டியது ஒரு பென்சிலும் அழிறப்பரும்.

இன்னொன்று கைலூலா. நண்பகலுக்குப் பின் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் விழிப்பின் கூர்மை இயல்பாகவே சற்றுத் தாழ்கிறது. உண்ட களை என்று அதைச் சொல்வார்கள், ஆனால் உண்ணாதவருக்கும் அது வருகிறது. அந்தத் தாழ்வில் நித்திரை இலகுவாகப் பிடிபடும். நைட்டுக்குப் போகுமுன் அப்பொழுதில் ஒன்றரை மணி நேரம் உறங்குபவள், ஆழ்நித்திரையும் கனவு நித்திரையும் அடங்கிய ஒரு முழுச் சுற்றைப் பெற்றுவிடுகிறாள். 25 மணி நேரக் கணக்கு அங்கேயே உடைகிறது. இரவின் நடுவிலும் சிறு உறக்கம் பயன்தரும். நீண்டதூர விமானிகளுக்கு வானிலேயே 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்த நாசா ஆய்வாளர், அவர்கள் சராசரியாக 26 நிமிடம் உறங்கி, பயணத்தின் இறுதிக் கட்டத்தில் மற்றவரைவிடத் தெளிவாக இருந்ததைக் கண்டார்கள். விமானி உறங்குவதை விஞ்ஞானம் என்றும், பயிற்சித் தாதி கதிரையில் கண் அயர்வதைக் குற்றம் என்றும் கருதும் வழக்கத்துக்கு உடலியலில் ஆதாரம் இல்லை. நைட் இருக்கும் நாளின் பிற்பகலில் விரிவுரை வைக்காதிருப்பதும், நைட் முடிந்து வந்தோர் படுக்க இருட்டும் அமைதியும் உள்ள ஓர் அறையை விடுதியில் ஒதுக்குவதும், காலையில் வெளியேறும்போது கறுப்புக் கண்ணாடி அணிவதை அலங்காரமென்று எண்ணாதிருப்பதும் எட்டாத காரியங்கள் அல்ல.

ஓர் எச்சரிக்கை அவசியம். பணிக்கருகல் என்ற சொல் எல்லாத் துயரையும் மூடும் போர்வையாகிவிடக் கூடாது. வாட்டை விட்டு வந்து, போதிய நாட்கள் ஊரில் நின்று உறங்கிய பின்னும் எதிலும் நாட்டம் திரும்பாமை, காரணமின்றி அழுகை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்கு நேரசூசியை மாற்றுவது போதாது, வைத்தியம் வேண்டும். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச்சேவையோடு பேசலாம். தாதியாகப் பயில்பவள் மனநல உதவி தேடுவதை ஊரார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் இச்சிறு ஊர்களில் பெரிது. அதனால் தாமதிப்பவர்களும் உண்டு.

பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1977ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிறைவேற்றிய, தாதியப் பணியாளர் பற்றிய 157ஆம் இலக்கப் பரிந்துரை, இரண்டு வேலைமுறைகளுக்கு இடையே தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மணி நேர ஓய்வு இருக்க வேண்டும் என்கிறது. பிற்பகல் ஒரு மணியோடு மோர்னிங்கை முடித்து அன்றிரவே நைட்டுக்கு வர நேர்பவருக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம். அதே பரிந்துரை மாணவரைப் பற்றியும் தனியே பேசுகிறது: அவர்களின் செய்முறை வேலை பயிற்சித் தேவையை ஒட்டியே ஒழுங்குசெய்யப்பட வேண்டும், வைத்தியசாலையின் வழக்கமான ஆட்தேவையை நிரப்பும் வழியாக அது எந்நிலையிலும் பயன்படுத்தப்படலாகாது. அது எழுதப்பட்டபோது, இன்று நைட்டில் நிற்கும் மாணவியரின் தாய்மாரில் பலர் பிறந்திருக்கவில்லை.